இன்டென்டர் சிமுலேஷன்: பாதியில் நிற்கும் கணக்கும், முடிந்தும் தவறாகும் கணக்கும்

கடினமான ஒரு கோளத்தையோ கூர்முனையையோ ஒரு பொருளின் பரப்பில் அழுத்தி, எந்த ஆழத்துக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணினியில் கணக்கிடுவது பார்வைக்கு எளிய பயிற்சி. அபாகஸ், ஆன்சிஸ், காம்சால் போன்ற மென்பொருள்களில் அரை மணி நேரத்தில் மாதிரியை உருவாக்கிவிடலாம். ஓட்டியதும்தான் தொல்லை தொடங்குகிறது. முதல் படியிலேயே கணக்கு நின்றுபோகிறது. அல்லது பாதி ஆழத்தில் "குவியவில்லை" என்ற செய்தி வருகிறது. அல்லது எல்லாம் ஒழுங்காக முடிந்து, வரைபடம் மட்டும் சோதனைச்சாலை முடிவோடு ஒத்துப்போக மறுக்கிறது. இந்த மூன்றில் கடைசியே மிக ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. நின்றுபோன கணக்கை யாரும் ஆய்வேட்டில் சேர்ப்பதில்லை. முடிந்த கணக்கைச் சேர்த்துவிடுகிறார்கள்.

எதைக் கணக்கிடுகிறோம்

பொருளை அழுத்தும் கருவிமுனைக்கு இன்டென்டர் என்று பெயர். 1900இல் பிரினெல் எஃகுக் கோளத்தை அழுத்தி, பதிந்த குழியின் அளவிலிருந்து கடினத்தன்மையைக் கணித்தார். 1920களில் வந்த விக்கர்ஸ் சோதனை, எதிரெதிர் முகங்களுக்கிடையே 136 பாகைக் கோணம் கொண்ட வைரப் பிரமிடைப் பயன்படுத்துகிறது. இன்றைய நானோ அளவுச் சோதனைகளில் பெர்கோவிச் என்ற மூன்று முக வைரமுனை பரவலாகப் பயன்படுகிறது. குழியை நுண்ணோக்கியில் அளப்பதற்குப் பதிலாக, அழுத்தும்போதும் விடுவிக்கும்போதும் விசையையும் ஆழத்தையும் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். விடுவிக்கும் வளைகோட்டின் சாய்விலிருந்து கடினத்தன்மையையும், பொருளின் மீட்சி விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தையும் பெறுவதற்கு ஆலிவரும் ஃபாரும் 1992இல் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை.

சிமுலேஷனில் பொருளைச் சிறு சிறு எலிமென்ட்களாகப் பிரிக்கிறோம். அவை நோட் எனப்படும் கணுக்களில் இணைகின்றன. இந்தப் பிரிப்பு முழுவதற்கும் மெஷ் என்று பெயர். இன்டென்டரை மட்டும் உருமாறாத பொருளாக, அதாவது விறைப்பான பரப்பாக, எடுத்துக்கொள்கிறோம். வைரத்தின் யங் குணகம் சுமார் 1140 கிகா பாஸ்கல், அலுமினியத்தின் குணகம் சுமார் 70 கிகா பாஸ்கல் என்பதால் அங்கே இது நியாயமான அனுமானம். கடினமான செராமிக்கை அழுத்தும்போது வைரமும் கொஞ்சம் அமுங்கும். அதை மறந்தால் பொருளின் குணகம் கணக்கில் பிழையாக வரும்.

தொடுகை ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது

ஒரு பாலத்தின் மீது சுமை எங்கே விழுகிறது என்பது கணக்கைத் தொடங்கும் முன்பே தெரியும். தொடுகைச் சிக்கலில் அது தெரியாது. எந்தெந்த நோட்கள் இன்டென்டரைத் தொடும் என்பதே கண்டுபிடிக்க வேண்டிய விடையின் ஒரு பகுதி. விதி எளியது: இடைவெளி இருக்கும் இடத்தில் அழுத்தம் சுழி, அழுத்தம் இருக்கும் இடத்தில் இடைவெளி சுழி. ஆனால் இந்த விதி சமன்பாடாக இல்லாமல் சமனிலியாக இருக்கிறது.

மென்பொருள் இதை நியூட்டன் முறையில் தீர்க்கிறது. ஒரு நிலையை ஊகித்து, விசைகள் சமநிலையில் இருக்கின்றனவா என்று பார்த்து, மிச்சமிருக்கும் விசையைக் கொண்டு ஊகத்தைத் திருத்துகிறது. மிச்சம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கணக்கு குவிந்தது என்று பொருள். வளைகோடு மென்மையாக இருக்கும்வரை இந்த முறை மிக வேகமாக வேலை செய்யும். ஒரு நோட் புதிதாகத் தொடும்போதோ விலகும்போதோ விறைப்பு திடீரென்று தாவுகிறது. விளிம்பில் இருக்கும் ஒரு நோட் ஒரு சுற்றில் தொட்டு, மறு சுற்றில் விலகி, மீண்டும் தொட்டு அலைபாய்ந்தால் கணக்கு முடிவே காணாது.

ஆகவே "குவியவில்லை" என்ற செய்தி, விசைச் சமநிலை கிடைக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. பிழை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் குவிதல் வரம்பைத் தளர்த்துவதும், சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், நகர்வை எதிர்க்கும் செயற்கைத் தணிப்பைச் சேர்ப்பதும் பரவலாக நடக்கிறது. இவை நோயை விட்டுவிட்டு வெப்பமானியைத் திருத்தும் வேலைகள்.

முதலில் விடை தெரிந்த கணக்கு

சிக்கலான மாதிரி நின்றுபோனால் அதையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதே மென்பொருளில், அதே தொடுகை அமைப்பில், விடை ஏற்கெனவே தெரிந்த சிறு கணக்கை முதலில் ஓட்ட வேண்டும். அந்த விடையை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882இல் வெளியிட்டார். பின்னாளில் மின்காந்த அலைகளுக்காகப் புகழ்பெற்ற அதே ஹெர்ட்ஸ்தான். விறைப்பான கோளம் ஒன்று மீட்சித்தன்மையுள்ள தட்டையான பொருளில், உராய்வின்றி, சிறிய ஆழத்துக்கு அழுந்தும்போது:

தொடுகை ஆரம் = √(கோளத்தின் ஆரம் × ஆழம்)

விசை = 4/3 × சமான குணகம் × √(கோளத்தின் ஆரம்) × ஆழத்தின் 1.5 அடுக்கு

சமான குணகம் என்பது யங் குணகத்தை, 1இலிருந்து பாய்சான் விகிதத்தின் வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. பொருளை ஒரு திசையில் இழுக்கும்போது குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்வதே பாய்சான் விகிதம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். எஃகின் யங் குணகம் 210 கிகா பாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3. சமான குணகம் 230.8 கிகா பாஸ்கல். கோளத்தின் ஆரம் 10 மில்லிமீட்டர், அழுந்தும் ஆழம் 1 மைக்ரோமீட்டர். தொடுகை ஆரம் 0.1 மில்லிமீட்டர். விசை 30.8 நியூட்டன். நடுவில் வரும் உச்ச அழுத்தம் சுமார் 1470 மெகா பாஸ்கல். இங்கே எஃகை முழுக்க மீட்சிப் பொருளாகவே வைத்துக்கொள்கிறோம். நோக்கம் மென்பொருள் அமைப்பைச் சோதிப்பது மட்டுமே.

இந்தச் சிறு கணக்கு நான்கு பிழைகளைத் தனித்தனியே காட்டிக்கொடுக்கும்.

1. அலகுப் பிழை. அபாகஸ் போன்ற மென்பொருள்களுக்கு அலகு என்ற ஒன்றே தெரியாது. மில்லிமீட்டரும் நியூட்டனும் எடுத்தால் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை, மெகா பாஸ்கலில் வரும். எஃகுக்கு 210000 என்று கொடுக்க வேண்டும். அடர்த்தி தேவைப்பட்டால் டன்னில், ஒரு கன மில்லிமீட்டருக்கு 7.85 × 10⁻⁹. விசை ஆயிரம் மடங்கோ பத்து லட்சம் மடங்கோ பிசகினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

2. மெஷ் போதாமை. தொடுகை ஆரத்துக்குள் குறைந்தது 10 எலிமென்ட்களாவது இருக்க வேண்டும். இங்கே எலிமென்ட் அளவு 0.01 மில்லிமீட்டர். அதையே 0.1 மில்லிமீட்டராக வைத்தால், ஏறக்குறைய முழு ஆழத்துக்கும் நடுவிலுள்ள ஒரே நோட்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரே நோட் தொடும்வரை விசை நேர்கோட்டில் ஏறும். அடுத்த நோட் தொட்டதும் சாய்வு சட்டென மாறும். வரைபடம் படிக்கட்டுப் போல முறிந்து முறிந்து ஏறினால் காரணம் இதுதான். ஆழம் பாதியாக, அதாவது 0.5 மைக்ரோமீட்டராக இருக்கும்போது விசை 10.9 நியூட்டன் வர வேண்டும். 15.4 வந்தால் அது நேர்கோடு, தொடுகையே வளரவில்லை.

3. மாதிரியின் அளவு போதாமை. ஹெர்ட்ஸ் கணக்கில் பொருள் முடிவில்லாமல் பரந்து கிடக்கிறது. கணினியில் அதை எங்கேயோ வெட்டி அடிப்பரப்பை நிலைநிறுத்துகிறோம். மெல்லிய பாயை விரலால் அழுத்தினால் தரையின் கடினம் தெரிவதைப் போல, அந்த அடிப்பரப்பின் விறைப்பு விசையில் சேர்ந்துகொள்ளும். இதன் அளவைக் கையாலேயே மதிப்பிடலாம். முடிவற்ற பொருளில் தொடுகைக்கு நேர் கீழே 1 மில்லிமீட்டர் ஆழத்தில், அதாவது தொடுகை ஆரத்தைப் போல் 10 மடங்கு தொலைவில், பொருள் 0.073 மைக்ரோமீட்டர் கீழிறங்கும். அது மொத்த ஆழத்தில் 7 சதவீதம். அங்கே அடியைப் பூட்டிவிட்டால் அந்த 7 சதவீத அளவுக்கு விடை பிசகும். 5 மில்லிமீட்டரில் வெட்டினால் பிசகு 1.5 சதவீதமாகக் குறையும். "10 மடங்கு போதும்" என்று வாய்வழியாகப் பரவியிருக்கும் விதியை நம்ப வேண்டாம்.

4. சமச்சீர்ப் பிழை. ஒரு வெட்டுமுகத்தை மட்டும் வரைந்து, அதை அச்சைச் சுற்றிச் சுழற்றியதாகக் கொள்ளும் அச்சுச் சமச்சீர் மாதிரியில் அச்சின் மீதுள்ள நோட்கள் பக்கவாட்டில் நகரக் கூடாது. அந்த மாதிரியில் அபாகஸ் கொடுக்கும் விசை முழு வட்டத்துக்கானது. கால்பகுதியை மட்டும் முப்பரிமாணத்தில் வரைந்திருந்தால் விசையை 4ஆல் பெருக்க வேண்டும்.

இந்தச் சிறு கணக்கில் ஓரிரு சதவீதத்துக்குள் விடை ஒத்துப்போகாதவரை அடுத்த கட்டத்துக்குப் போவதில் பயனில்லை. கூம்பு முனைக்கு இதே வேலையைச் செய்ய ஸ்னெட்டன் 1965இல் தந்த தீர்வு இருக்கிறது. அங்கே விசை ஆழத்தின் வர்க்கத்தோடு வளரும்.

முதல் படியிலேயே நின்றால்

இங்கே காரணங்கள் கைவிரல்களில் அடங்கும்.

1. எதையும் தொடாத இன்டென்டர். இடைவெளியோடு தொடங்கும் மாதிரியில் விசையைக் கொடுத்தால், அதைத் தாங்க எதுவும் இல்லை. விறைப்பான பொருள் தடையின்றி நகரும். விறைப்பு அணி (மேட்ரிக்ஸ்) தலைகீழாக்க முடியாததாகிவிடும். விசைக்குப் பதிலாக இடப்பெயர்ச்சியைக் கொடுத்து, அதன் எதிர்விசையைப் படித்துக்கொள்வதே நல்ல வழி. விசையையே கொடுத்தாக வேண்டுமென்றால், முதல் படியில் சிறு இடப்பெயர்ச்சி கொடுத்துத் தொடுகையை நிலைநாட்டிய பிறகு விசைக்கு மாறலாம்.

2. பூட்டப்படாத திசைகள். விறைப்பான பொருளின் இயக்கம் முழுவதும் ஒரு குறிப்புப் புள்ளியில் அடங்கியிருக்கிறது. அழுத்தும் திசை தவிர மற்ற நகர்வுகளையும் சுழற்சிகளையும் அங்கே பூட்டியாக வேண்டும்.

3. பரப்பின் திசை. விறைப்பான பரப்பின் வெளிமுகம் பொருளை நோக்கியிருக்க வேண்டும். அது புரண்டிருந்தால் மென்பொருளுக்கு இன்டென்டரின் உட்புறம் வெளியாகத் தெரியும். பொருள் முழுவதும் ஊடுருவிவிட்டதாக நினைத்து முதல் சுற்றிலேயே பெரும் விசையைக் கொடுக்கும்.

4. தொடக்கத்திலேயே ஊடுருவல். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத 0.001 மில்லிமீட்டர் பிசகு, 1 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள நம் கணக்கில் முழு ஆழத்துக்குச் சமம். தொடக்க இடைவெளியைச் சுழியாக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு.

பாதியில் நின்றால்

இங்கே பொறுமை தேவை. நின்ற இடத்தின் உருமாறிய மெஷ்ஷையும், மிச்சவிசை அதிகமாக இருக்கும் நோட் எது என்பதையும் பார்க்க வேண்டும். செய்திக் கோப்பு அந்த நோட்டின் எண்ணைத் தருகிறது. அதை மெஷ்ஷில் தேடிக் கண்டுபிடிப்பது சில நிமிட வேலை. அந்த நோட் தொடுகை விளிம்பில் இருந்தால் அலைபாயும் தொடுகை. முனைக்கு நேர் கீழே இருந்தால் மெஷ் சிதைவு. தொடுகையிலிருந்து வெகு தொலைவில் இருந்தால் எல்லை நிபந்தனைப் பிழை, அதாவது மாதிரியின் ஓரங்களைப் பூட்டியதில் தவறு. முதல் ஐயம் எங்கே விழ வேண்டும் என்பதை இந்த ஒரு பார்வையே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

அலைபாயும் தொடுகைக்கு முதல் மருந்து படி அளவைக் குறைப்பது. ஒரு படியில் ஒன்றிரண்டு நோட்களுக்கு மேல் புதிதாகத் தொடாதபடி இருந்தால் கணக்கு அமைதியாக ஓடும். விறைப்பான கோளத்தைத் தட்டை முகங்களின் தொகுப்பாக வரைந்திருந்தால், ஒவ்வொரு முக விளிம்பிலும் நோட் சிக்கிக்கொள்ளும். கோளம், கூம்பு ஆகியவற்றைச் சூத்திர வழியில் வரையறுக்கும் பரப்பாகக் கொடுப்பது நல்லது. இரண்டு பரப்புகளில் விறைப்பானதையே முதன்மைப் பரப்பாகவும், நுண்ணிய மெஷ் கொண்ட மென்மையானதைச் சார்புப் பரப்பாகவும் வைக்க வேண்டும். சார்புப் பரப்பின் நோட்கள் முதன்மைப் பரப்புக்குள் நுழையாதபடிதான் மென்பொருள் காவல் காக்கிறது. தலைகீழாக மாற்றினால் நோட்களுக்கிடையே இன்டென்டர் புகுந்துவிடும்.

எலிமென்ட் வகையும் இங்கே பேசும். மூலைகளோடு விளிம்புகளின் நடுவிலும் நோட் கொண்ட இரண்டாம் படிநிலை நான்முகி எலிமென்ட்டின் முக்கோண முகத்தில் சீரான அழுத்தம் விழுந்தால், கணிதப்படி மூலை நோட்களுக்குப் போகும் விசை சுழி. முழுவதும் நடு நோட்களுக்கே போகிறது. தொட்டிருக்கிறதா இல்லையா என்பதை விசையை வைத்து முடிவு செய்யும் கணக்கு இதனால் குழம்பும். தொடுகைப் பகுதியில் முதல் படிநிலை நாற்கர அல்லது செங்கட்டி எலிமென்ட்களே பாதுகாப்பானவை.

கூர்மையான முனையில் மெஷ் சிதைவதற்கு வேறு காரணமும் உண்டு. ஆரமே இல்லாத கூர்முனை கணிதத்தில் மட்டுமே இருக்கிறது. அங்கே திரிபு, அதாவது பொருள் நீளும் அல்லது சுருங்கும் விகிதம், வரம்பின்றி ஏறும். உண்மையான பெர்கோவிச் முனைக்கும் பல பத்து நானோமீட்டர் ஆரம் இருக்கிறது. அதை மாதிரியிலும் கொடுத்தால் கணக்கும் ஓடும், சோதனையோடும் நெருங்கும். பெரும் உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் வசதியையும் இயக்கியிருக்க வேண்டும்.

பொருளின் தரவில் ஒளிந்திருக்கும் பிழையைப் பலர் கவனிப்பதில்லை. இழுவிசைச் சோதனையில், விசையைத் தொடக்கக் குறுக்குப்பரப்பால் வகுத்துக் கிடைக்கும் பொறியியல் தகைவை அப்படியே கொடுக்கக் கூடாது. அந்தந்தக் கணத்தின் குறுக்குப்பரப்பால் வகுத்த உண்மைத் தகைவாகவும், விசை நீங்கிய பிறகும் எஞ்சும் உண்மையான நிலைத்த திரிபாகவும் மாற்ற வேண்டும். இழுவிசைத் தரவு பெரும்பாலும் 10 அல்லது 20 சதவீதத் திரிபோடு முடிந்துவிடும். கூர்முனைக்குக் கீழே திரிபு 100 சதவீதத்தையும் தாண்டலாம். தரவு முடிந்த பிறகு தகைவு மாறாமல் நிற்பதாக அபாகஸ் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்து பொருளுக்குக் கூடுதல் எதிர்ப்பே இல்லை. எலிமென்ட்கள் நசுங்கி உருக்குலைகின்றன.

ரப்பர், ஹைட்ரோஜெல் போன்ற மென்மையான பொருள்களில் பாய்சான் விகிதம் 0.5ஐ நெருங்கும். கனஅளவு மாறாத பொருளைச் சாதாரண எலிமென்ட் தேவைக்கு மேல் விறைப்பாகக் காட்டும். அழுத்தத்தைத் தனி மாறியாகக் கொள்ளும் கலப்பு எலிமென்ட்களே அங்கே தீர்வு.

ஊடுருவல்: கண்ணுக்குத் தெரியாத பிழை

பெரும்பாலான மென்பொருள்கள் தொடுகையைப் பெனால்டி முறையில் கையாள்கின்றன. நோட் கொஞ்சம் உள்ளே நுழைய அனுமதித்து, நுழைந்த அளவுக்கு ஏற்ப எதிர்விசை கொடுக்கும் கற்பனைச் சுருள்வில் அது. அதன் விறைப்பு குறைந்தால் இன்டென்டர் பொருளுக்குள் புதைந்துபோகும். கூடினால் கணக்கு குவியாது.

நம் எஃகுக் கணக்கில் இதைக் கையால் பார்க்கலாம். எலிமென்ட்டின் விறைப்பு ஏறக்குறைய யங் குணகத்தை எலிமென்ட் அளவால் வகுத்தது: 210000 ÷ 0.01. சுருள்வில்லின் விறைப்பு இதைப் போல 10 மடங்கு என்றால், 1470 மெகா பாஸ்கல் அழுத்தத்தில் ஊடுருவல் 0.007 மைக்ரோமீட்டர், ஆழத்தில் 0.7 சதவீதம். பொறுத்துக்கொள்ளலாம். 10 மடங்குக்குப் பதில் 1 மடங்கு என்றால் 7 சதவீதம். குவியாத கணக்கைக் குவிய வைப்பதற்காக இந்த எண்ணைக் குறைத்தவர்கள், தங்கள் பொருள் உண்மையைவிட மென்மையாகிவிட்டதைக் கவனிப்பதில்லை. கணக்கு முடிந்ததும் அதிகபட்ச ஊடுருவலை அச்சிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

முடிந்த கணக்கை எப்படி நம்புவது

1. எலிமென்ட் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்ட வேண்டும். விசை மாறாமல் இருந்தாலும் உச்ச அழுத்தம் மாறலாம். எது தேவையோ அது நிலைபெறும்வரை நுணுக்க வேண்டும்.

2. செயற்கைத் தணிப்பு சேர்த்திருந்தால், அது விழுங்கிய ஆற்றலைப் பொருளின் உள்ளாற்றலோடு ஒப்பிட வேண்டும். 5 சதவீதத்தைத் தாண்டினால் விடையில் ஒரு பகுதி தணிப்பின் விசைதான். தகைவைக் குறைந்த புள்ளிகளில் மட்டும் கணக்கிடும் எலிமென்ட்களில், தகைவே எழாமல் நேரும் மணற்கடிகார வடிவச் சிதைவைத் தடுக்கும் ஆற்றலுக்கும் இதே சோதனை பொருந்தும்.

3. மீட்சி மாதிரியில் அழுத்தும் வளைகோடும் விடுவிக்கும் வளைகோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் உராய்வோ தணிப்போ ஆற்றலைத் தின்கிறது.

4. உலோகமாக இருந்தால், மீட்சி எல்லை முதலில் மீறப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும். கோளத்துக்கு அது பரப்பில் இருக்காது. தொடுகை ஆரத்தைப் போல் 0.48 மடங்கு ஆழத்தில், உச்ச அழுத்தம் மீட்சி எல்லைத் தகைவைப் போல் 1.6 மடங்கு ஆகும்போது தொடங்கும். பரப்பில் தொடங்கியிருந்தால் மெஷ் முரடாக இருக்கிறது. முழுமையான நிலைத்த உருமாற்றத்தில் சராசரி அழுத்தம் அந்தத் தகைவைப் போல் சுமார் 3 மடங்கில் நிலைக்க வேண்டும்.

வெளிப்படை முறைக்குத் தாவுவது பற்றி

நியூட்டன் முறை குவியாதபோது பலர், நேரத்தைச் சிறு படிகளாக்கி ஒவ்வொரு படியின் விசைகளிலிருந்து அடுத்த நிலையை நேரடியாகக் கணிக்கும் வெளிப்படை முறைக்கு மாறிவிடுகிறார்கள். அதில் சுற்றுகளே இல்லை. ஆகவே குவியாமை என்ற பேச்சும் இல்லை. விலை நேரத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு படியின் நேரம், ஒலி ஒரு எலிமென்ட்டைக் கடக்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. எஃகில் ஒலி வேகம் நொடிக்கு சுமார் 5 கிலோமீட்டர், 0.01 மில்லிமீட்டர் எலிமென்ட்டுக்கு அது 2 நானோநொடி. ஒரு நொடிச் சோதனைக்கு 50 கோடி படிகள். அதனால் பொருளின் நிறையைச் செயற்கையாகக் கூட்டுகிறார்கள் அல்லது வேகமாக அழுத்துகிறார்கள். அப்போது இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் சில சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், மெதுவான அழுத்தத்துக்குப் பதில் ஒரு சுத்தியலடியைக் கணக்கிட்டிருப்போம். பெரும் சிதைவுக்கு இந்த முறை பொருத்தமே. பிழையான எல்லை நிபந்தனையை மறைக்க இதற்குப் போவது தவறு.

சோதனையோடு ஒப்பிடும்போது

சரியாக ஓடும் மாதிரி, சோதனைக்கே எட்டாத ஒன்றைக் காட்டக்கூடியது. வேலைக் கடினமாதல், அதாவது உருமாற உருமாறப் பொருள் கடினமாவது, குறைவாக உள்ள உலோகங்களில், அழுந்தும் இடத்தைச் சுற்றிப் பொருள் மேலே பிதுங்கி ஒரு வரப்பு எழும்புகிறது. ஆலிவர்–ஃபார் முறை இந்தப் பிதுக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. போல்ஷகோவும் ஃபாரும் 1998இல் இதே வகைச் சிமுலேஷன்களைக் கொண்டு, பிதுக்கம் பெரிதாக இருக்கும்போது தொடுகைப் பரப்பு 60 சதவீதம் வரை குறைத்து மதிப்பிடப்படலாம் என்று காட்டினார்கள். பரப்பு குறைந்தால் கடினத்தன்மையும் குணகமும் உண்மையைவிடக் கூடுதலாக வரும். விடுவித்த பின் எஞ்சும் ஆழம் உச்ச ஆழத்தில் 0.7 மடங்குக்கு மேல் இருப்பது இதற்கு எச்சரிக்கைக் குறி.

இங்கே விசை–ஆழ வளைகோடு ஒத்துப்போவது மட்டும் போதாது. வரப்பின் வடிவம் உராய்வுக் கெழுவையும், தொடுகை விளிம்பிலுள்ள எலிமென்ட்களின் நுணுக்கத்தையும் பொறுத்து மாறும். மொத்த விசையில் அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. உராய்வின்றி ஒரு முறையும், கெழு 0.1, 0.2 என்று வைத்து மேலும் இரண்டு முறையும் ஓட்டி, ஒவ்வொன்றிலும் கடைசியாகத் தொடும் நோட்டின் ஆரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆரத்திலிருந்து வரும் உண்மைத் தொடுகைப் பரப்பை, விடுவிக்கும் வளைகோடு தரும் பரப்போடு ஒப்பிட்டால் பிதுக்கத்தால் வந்த பிழை எவ்வளவு என்பது நேரடியாகக் கிடைத்துவிடும்.